நூறு பேர் 'நன்று' என்றால் நன்றாகிவிடுமா?

ஒரு நூலைப் படித்தவர் அதைப் பற்றி எழுதும் கருத்தை மதிப்புரை என்கிறோம். அந்த மதிப்புரைக்கும் மற்றவர்கள் மதிப்பெண் இடுகிறார்கள் என்றால் வேடிக்கையாக இருக்கிறதல்லவா? இணையத்தில் நூல்கள் விற்கும் இடங்களில் இன்று நாள்தோறும் அதுதான் நடந்து வருகிறது.

ஆவடியை அடுத்த வெள்ளானூரில் வசிக்கும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். பொங்கலையொட்டி நந்தனத்தில் நடைபெறும் புத்தகக் கண்காட்சிக்குப் போனால், வேண்டிய நூலைக் கையில் எடுத்து நான்கு பக்கம் புரட்டிப் பார்த்து வாங்கலாம். ஆண்டின் மற்ற நாட்களில் அது எளிதல்ல. எனவே வீட்டிலுள்ள கைபேசியில் தேடுகிறாள். உண்டியலில் சேர்த்த பணம் 300 ரூபாய். அவள் விரும்பும் வானியல் நூலுக்கு 200 மதிப்புரைகள் இருக்கின்றன. அத்தனையையும் யாரால் படிக்க முடியும்? மேலே நிற்கும் இரண்டு மூன்றை மட்டும் படித்துவிட்டு முடிவுக்கு வருகிறாள். அவை ஏன் மேலே நிற்கின்றன? முன்பு படித்த பலர் 'இது பயனுள்ளது' என்று ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அதுவே காரணம்.

அப்படியானால் அவளுடைய 300 ரூபாயும் அந்த ஒப்புதலை நம்பித்தான் செலவாகிறது. அந்த ஒப்புதல் உண்மையில் எதை அளக்கிறது?

இயற்பியலில் எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும் முதலில் இந்தக் கேள்வியைத்தான் கேட்போம். வெப்பமானி உடலின் வெப்பநிலையைக் காட்டும். ஆனால் சூடான காப்பியைக் குடித்த கையோடு வாயில் வைத்தால், காப்பியின் சூட்டையும் சேர்த்தே காட்டும். கருவி பொய் சொல்லவில்லை. நாம்தான் அது காட்டும் எண்ணைத் தவறாகப் புரிந்துகொள்கிறோம். மதிப்புரைக்குக் கிடைக்கும் ஒப்புதலிலும் இப்படிப்பட்ட 'காப்பிச் சூடு' கலந்திருக்கிறதா என்று பார்ப்போம்.

நேரத்தைக் காக்கும் ஏற்பாடு

இந்த ஏற்பாட்டின் நோக்கம் நல்லதுதான். 1892இல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் நூலகரானார். 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்து நூலாக வெளியிட்டார். வாசகரின் நேரம் வீணாகாமல் காக்க வேண்டும் என்பது அவற்றுள் நான்காவது விதி. நூல்கள் பெருகும்போது எதைப் படிப்பது என்று சொல்ல ஆள் வேண்டும். மதிப்புரைகளும் பெருகிவிட்டால் எந்த மதிப்புரையைப் படிப்பது என்று சொல்லவும் ஆள் வேண்டும் அல்லவா?

1995 ஜூலையில் இணையத்தில் நூல் விற்கத் தொடங்கிய அமெசான் நிறுவனம் அந்த வேலையை வாசகர்களிடமே விட்டது. ஒவ்வொரு மதிப்புரைக்கும் கீழே, 'இது உங்களுக்குப் பயன்பட்டதா?' என்று கேட்டது. ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லலாம். '12 பேரில் 9 பேர் பயனுள்ளது என்றனர்' என்பது போல விடை அங்கேயே தெரியும். 2013 ஜூனில் அந்த நிறுவனம் இந்தியாவிலும் கடை விரித்தது.

இப்போது 'இல்லை' என்று சொல்லும் வசதி அங்கே கிடையாது. ஆம் என்றவர்களின் எண்ணிக்கை மட்டுமே தெரிகிறது. இது சிறிய மாற்றமன்று. ஒரு பள்ளியில் 40 பேர் தேர்ச்சி என்று மட்டும் சொன்னால் அது நல்ல பள்ளி என்பீர்களா? தேர்வு எழுதியவர்கள் 42 பேரா, 400 பேரா என்று கேட்க மாட்டீர்களா? பின்னத்தில் பகுதியை மறைத்துவிட்டுத் தொகுதியை மட்டும் காட்டினால் அந்த எண்ணுக்குப் பாதிப் பொருள்தான் உண்டு.

மூன்றுக்கு மூன்றா, நூறுக்குத் தொண்ணூறா?

பகுதி தெரிந்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு மதிப்புரையை 3 பேர் பார்த்து 3 பேரும் ஒப்புக்கொண்டார்கள். இன்னொன்றை 100 பேர் பார்த்து 90 பேர் ஒப்புக்கொண்டார்கள். முதலாவதற்கு 100 சதவீதம், இரண்டாவதற்கு 90 சதவீதம். எதை மேலே வைப்பீர்கள்?

ஒரு நாணயத்தை மூன்று முறை சுண்டினால் மூன்று முறையும் தலையே விழுவதற்கு 8இல் 1 பங்கு வாய்ப்பு உண்டு. அதாவது, மூன்று பேர் கண்ணை மூடிக்கொண்டு வாக்களித்தால்கூட எட்டு முறைக்கு ஒரு முறை 100 சதவீதம் வந்துவிடும். ஆனால் நூறு முறை சுண்டித் தொண்ணூறு முறை தலை விழுந்ததை உங்கள் வாழ்நாளில் பார்க்கப் போவதில்லை.

இதைக் கணக்கில் கொள்ளும் வழியைப் பிரான்சு நாட்டுக் கணித மேதை லாப்லாஸ் காட்டினார். ஒப்புக்கொண்டவர் எண்ணிக்கையோடு 1, மொத்த எண்ணிக்கையோடு 2 கூட்டிக்கொண்டு பிறகு வகுக்க வேண்டும். அப்போது 3க்கு 3 என்பது 5க்கு 4, அதாவது 80 சதவீதம் ஆகிறது. 100க்கு 90 என்பது 102க்கு 91, அதாவது ஏறத்தாழ 89 சதவீதம். வரிசை மாறிவிட்டதைக் கவனித்தீர்களா?

இன்னும் நுட்பமான முறையை 1927இல் வகுத்தவர் அமெரிக்கரான எட்வின் வில்சன். திசையன் கணிதம் பற்றி இயற்பியல் மாணவர்களுக்குப் புகழ்பெற்ற பாடநூல் ஒன்றை 1901இல் எழுதியவரும் இவரே. கிடைத்த வாக்குகளை மட்டும் கொண்டு, உண்மையான விகிதம் எந்த எல்லைக்குக் கீழே போக வாய்ப்பு மிகக் குறைவு என்று இவருடைய சூத்திரம் சொல்லும். 95 சதவீத நம்பிக்கை வேண்டுமென்று கணக்கிட்டால், 3க்கு 3 பெற்றதன் கீழ் எல்லை 44 சதவீதம்தான். 100க்கு 90 பெற்றதற்கு 83 சதவீதம்.

எனவே முதற்பாடம் இது: வாக்குகள் குறைவாக இருந்தால் சதவீதத்தைப் பார்த்து மயங்கக் கூடாது.

நாற்பது லட்சம் மதிப்புரைகள்

வாக்குகள் ஏராளமாக இருந்தால் கவலை இல்லையா? இதைத்தான் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த சில ஆராய்ச்சியாளர்களும் கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவரும் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். கிறிஸ்டியன் டானெஸ்கு-நிகுலெஸ்கு-மிசில், கியோர்கி கோசினெட்ஸ், ஜான் கிளைன்பெர்க், லிலியன் லீ ஆகியோர் அவர்கள். அமெசானில் ஏறத்தாழ 6,75,000 நூல்களுக்கு எழுதப்பட்ட 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மதிப்புரைகளை எடுத்துக்கொண்டு, எவற்றுக்கு ஒப்புதல் மிகுதி என்று கணக்கிட்டார்கள்.

மதிப்புரை எழுதுபவர் 1 முதல் 5 வரை நட்சத்திரங்களும் தருவார். எல்லாரும் தந்த நட்சத்திரங்களுக்கு ஒரு சராசரி உண்டு. ஒருவர் தந்த நட்சத்திரம் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ, பொதுவாக அவ்வளவுக்கு அவருடைய மதிப்புரைக்குக் கிடைத்த ஒப்புதல் குறைந்தது! விலகலின் அளவு ஒன்றாகவே இருந்தாலும், சராசரிக்கு மேலே நின்றவரைவிடக் கீழே நின்றவருக்கே இழப்பு அதிகம். குறை சொல்பவர் அறிவாளியாகத் தோன்றுவார் என்ற ஒரு கருத்து உளவியலாரிடையே உண்டு. இந்தக் கணக்கு அதற்குத் துணை நிற்கவில்லை.

இதில் இன்னொரு சுவையான செய்தியும் உண்டு. சில நூல்களைப் பாதிப்பேர் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். மறுபாதி கீழே போட்டு மிதிப்பார்கள். இத்தகைய நூல்களுக்குச் சராசரியில் நின்று எழுதியவர்களுக்கு ஆதரவில்லை. சராசரிக்குச் சற்று மேலும் சற்றுக் கீழும் நின்றவர்களுக்கே ஒப்புதல் மிகுதி. வரைபடத்தில் வரைந்தால் ஒட்டகத்தின் முதுகு போல இரண்டு திமில்கள் தெரியும். ஊர் இரண்டுபட்டால் நடுவில் நிற்பவருக்கு இடமில்லை போலும்!

ஒரே உரை, இரண்டு விதி

இங்கே ஒரு கூர்மையான மாணவர் எழுந்து கேட்கலாம்: "ஐயா, சராசரியை ஒட்டி எழுதியவர்கள் உண்மையிலேயே நன்றாக எழுதியிருக்கலாம் அல்லவா? நியாயமாகப் பார்ப்பவர்கள் பலரும் ஒரே முடிவுக்கு வருவது இயற்கைதானே?"

சரியான கேள்வி. இரண்டு பொருள்கள் சேர்ந்தே வந்தால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆய்வுக்கூடத்தில் நாம் என்ன செய்வோம்? ஒன்றை மாறாமல் வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் மாற்றிப் பார்ப்போம். கம்பியின் நீளத்தை மாற்றாமல் தடிமனை மட்டும் மாற்றி மின்தடையை அளப்பது போல. இங்கே உரையை மாற்றாமல் நட்சத்திர விலகலை மட்டும் மாற்ற வேண்டும். அதற்கு எங்கே போவது?

அந்த ஆராய்ச்சியாளர்களுக்குத் திருட்டு கைகொடுத்தது! சிலர் ஒரு நூலுக்கு எழுதப்பட்ட மதிப்புரையை ஏறக்குறைய அப்படியே எடுத்து வேறொரு நூலுக்கும் போட்டிருந்தார்கள். உரை ஒன்றுதான். ஆனால் ஓரிடத்தில் அதன் நட்சத்திரம் அந்த நூலின் சராசரியை ஒட்டி இருந்தது, மற்ற இடத்தில் விலகி இருந்தது. இத்தகைய இரட்டைகளைத் தேடிப் பிடித்து ஒப்பிட்டார்கள். சராசரியை ஒட்டி நின்றதற்கே ஒப்புதல் அதிகமாகக் கிடைத்திருந்தது. எழுத்து ஒன்றாக இருந்தும் விதி வேறாகிவிட்டது.

நம் வெப்பமானியில் கலந்த முதல் காப்பிச் சூடு இதுதான். வாசகர்கள் 'பயனுள்ளது' என்று சொல்லும்போது, எழுத்தின் தரத்தோடு, 'இவர் நம் கூட்டத்தோடு ஒத்துப்போகிறாரா' என்பதையும் சேர்த்தே எடை போடுகிறார்கள். பெரும்பாலும் அது அவர்களுக்கே தெரிவதில்லை.

முதல் வாக்கின் வலிமை

முன்னால் வாக்களித்தவர்கள் பின்னால் வருபவர்களை எவ்வளவு பாதிக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. லெவ் முச்னிக், சினான் ஆரல், சீன் டெய்லர் ஆகியோர் இதைச் சோதித்து 2013இல் 'சயன்ஸ்' என்ற ஆராய்ச்சி இதழில் எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவை நூல் மதிப்புரைகள் அல்ல. செய்திகளைப் பற்றி வாசகர்கள் இணையத்தில் எழுதும் குறிப்புகள். அத்தகைய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் பொறுக்கி, எழுதப்பட்ட உடனே ஒரு போலி ஆதரவு வாக்கை இட்டார்கள். வேறு சிலவற்றுக்கு ஓர் எதிர்ப்பு வாக்கு. எஞ்சியவற்றை அப்படியே விட்டுவிட்டார்கள்.

அடுத்துப் பார்த்தவர் ஆதரவு தரும் வாய்ப்பு, அந்த ஒற்றைப் போலி வாக்கினால் 32 சதவீதம் கூடியது. முடிவில் கிடைத்த மதிப்பும் சராசரியாக 25 சதவீதம் உயர்ந்திருந்தது. எதிர்ப்பு வாக்கு பெற்றவையோ ஓரளவுக்கு மீண்டுவிட்டன. அநியாயமாகத் தாழ்த்தப்பட்டதைத் தூக்கிவிடச் சிலர் முன்வந்தார்கள். அநியாயமாக உயர்த்தப்பட்டதைச் சரி செய்ய அவ்வளவு பேர் வரவில்லை.

ஒரு வாக்கு எப்படி இவ்வளவு பெரிதாகிறது? புளியங்கொட்டைகளை வைத்துப் பார்த்தால் ஓரளவு புரியும். கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா ஆராய்ந்த விளையாட்டு இது. 50 கொட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுள் 25க்குச் சுண்ணாம்புப் பொட்டு வையுங்கள். ஒரு துணிப்பையில் பொட்டு வைத்தது ஒன்றும் வைக்காதது ஒன்றும் மட்டும் போடுங்கள். பார்க்காமல் ஒன்றை எடுங்கள். எது வருகிறதோ அதைத் திரும்பப் போட்டு, அதே வகையில் இன்னொன்றையும் சேர்த்துப் போடுங்கள். இப்படி 20 முறை செய்யுங்கள்.

பொட்டு வைத்தது எத்தனை முறை வந்தது? சிலருக்கு 3 வரும், சிலருக்கு 17 வரும், சிலருக்கு 10 வரும். 0 முதல் 20 வரை எல்லா எண்களுக்கும் ஒரே வாய்ப்புதான். 20இல் 16 அல்லது அதற்கு மேல் ஏதேனும் ஒரே வகையாக வரும் வாய்ப்பு 21இல் 10 பங்கு, ஏறக்குறைய பாதி. சாதாரண நாணயத்தை 20 முறை சுண்டினால், இப்படி ஒரு பக்கமாகச் சாய்வது ஏறத்தாழ 85 தடவைக்கு ஒரு தடவைதான் நடக்கும்.

இரண்டு வகைக் கொட்டைக்கும் தரத்தில் எந்த வேற்றுமையும் இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். தொடக்கத்தில் தற்செயலாக வந்த ஒன்றிரண்டே பின்னால் வருவதை இழுத்துச் செல்கிறது. மதிப்புரையிலும் இந்தச் சுழற்சி உண்டு. ஒப்புதல் பெற்றது மேலே போகிறது, மேலே இருப்பதைப் பலர் படிக்கிறார்கள், படிப்பவர்களில் சிலர் மேலும் ஒப்புதல் தருகிறார்கள். கீழே கிடப்பதைப் படிக்கவே ஆள் இல்லை. வாசகர்கள் புளியங்கொட்டைகள் அல்லர். அவர்கள் படித்துச் சிந்திக்கவும் செய்கிறார்கள். எனவே தரத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் தரம் மட்டுமே முடிவு செய்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. இது இரண்டாவது காப்பிச் சூடு.

மூன்றாவது ஒன்றும் உண்டு. காசு கொடுத்துப் புகழை எழுதி வாங்குவது. இதைத் தடுக்கவே, இணைய மதிப்புரைகளை எப்படித் திரட்டி, சரிபார்த்து, வெளியிட வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஒரு தரநிலையை வகுத்தது. எழுதியவர் உண்மையான ஆள்தானா என்று சரிபார்க்க வேண்டும் என்பதும், விலைக்கு எழுதி வாங்கிய மதிப்புரைகளை வெளியிடக் கூடாது என்பதும் அதில் அடங்கும்.

வகுப்பில் செய்து பாருங்கள்

மேலே சொன்னவற்றை நீங்கள் நம்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சோதித்துப் பாருங்கள். உங்கள் பள்ளி நூலகத்திலுள்ள ஒரு நூலைப் பற்றிப் பத்து வரியில் ஒரு மதிப்புரை எழுதுங்கள். அதற்கு 40 படிகள் எடுங்கள். எல்லாப் படிகளிலும் 'இவர் தரும் நட்சத்திரம் 4' என்று இருக்கட்டும். 20 படிகளில் 'மற்ற வாசகர்களின் சராசரி 4' என்றும், 20 படிகளில் 'சராசரி 2' என்றும் எழுதுங்கள். நன்றாகக் கலந்து, அந்த நூலைப் படித்திராத 40 மாணவர்களுக்குக் கொடுங்கள். ஒருவரோடு ஒருவர் பேசாமல், 'பயனுள்ளது' அல்லது 'பயனில்லை' என்று குறிக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் சராசரி எண்கள் சோதனைக்காக எழுதப்பட்டவை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இரண்டு குழுக்களுக்கும் 3 அல்லது 4 வாக்கு வித்தியாசம் வந்தால் துள்ளிக் குதிக்காதீர்கள். 20 பேர் கொண்ட குழுக்களில் அவ்வளவு வித்தியாசம் தற்செயலாகவே வரும். 7 அல்லது 8 வந்தால் சிந்திக்க வேண்டியதுதான். வேறொரு வகுப்பில் மறுபடியும் செய்து பாருங்கள். விடை எப்படி வந்தாலும் அதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

எதைப் பார்த்து ஒப்புக்கொள்வது?

அப்படியானால் ஒப்புதல் எண்ணிக்கையே வேண்டாமா? வேண்டும். காப்பி குடித்தவரின் வெப்பமானியையும் தூக்கி எறிந்துவிடுவதில்லை. சற்றுப் பொறுத்து மறுபடி வைத்துப் பார்க்கிறோம். அதுபோல, மேலே நிற்கும் மதிப்புரையைப் படித்த பிறகு, நட்சத்திரம் குறைத்துத் தந்த ஒருவருடையதையும், அண்மையில் எழுதியதால் இன்னும் வாக்கே விழாத ஒன்றையும் தேடிப் படியுங்கள். மூன்றையும் பக்கத்தில் வைத்து எண்களை மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் பாருங்கள்.

எழுத்தில் எதைப் பார்ப்பது? நம் முன்னோர் இதற்குக் கருவி செய்து வைத்திருக்கிறார்கள். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில், ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தும், இருக்க வேண்டிய அழகுகள் பத்தும் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. வேண்டியதைவிடக் குறைவாகச் சொல்வது, மிகையாகச் சொல்வது, சொன்னதையே திரும்பச் சொல்வது, முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது ஆகியவை அந்தக் குற்றங்களுள் சில. நூலை அளக்க வந்த இந்த அளவுகோலை மதிப்புரையின் மீதும் வைக்கலாம்.

'அருமையான நூல், அவசியம் வாங்குங்கள்' என்பது குன்றக் கூறுவது. அதற்கு ஆயிரம் பேர் ஒப்புதல் தந்திருந்தாலும் உங்களுக்கு அதனால் ஒன்றும் தெரியவில்லை. 'கோள்களைப் பற்றிய பகுதி தெளிவாக இருக்கிறது. ஆனால் படங்கள் குறைவு. பத்தாம் வகுப்புக் கணிதம் தெரியாதவருக்கு ஐந்தாம் அத்தியாயம் கடினம்' என்று ஒருவர் எழுதியிருந்தால், அவர் தந்த நட்சத்திரம் இரண்டே ஆனாலும் அது பயனுள்ள மதிப்புரை. அவர் குறையாகச் சொன்னது உங்களுக்குக் குறையாக இல்லாமலும் போகலாம். கணிதம் நிறைந்த நூலைத் தேடும் மாணவி அந்த இரண்டு நட்சத்திர மதிப்புரையைப் படித்துவிட்டே அந்த நூலை வாங்கக்கூடும்!

நீங்கள் வாக்களிக்கும் முறை வரும்போதும் இதை எண்ணிப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்த நூலை ஒருவர் குறை கூறுகிறார். காரணங்களைச் சொல்கிறார், பக்கத்தைக் காட்டுகிறார். அதே அளவு காரணத்தோடு அவர் புகழ்ந்து எழுதியிருந்தால் 'பயனுள்ளது' என்று சொல்லியிருப்பீர்களா? ஆம் என்றால் இப்போதும் அப்படியே சொல்லுங்கள். முடிவில் உடன்பாடு இல்லாமலே ஒருவருடைய எழுத்து பயனுள்ளது என்று ஒப்புக்கொள்ள முடியும். அப்படி நீங்கள் தரும் ஒரு வாக்கு, அடியில் கிடக்கும் ஒரு நல்ல மதிப்புரையை இன்னொரு மாணவியின் கண்ணில் படும் இடத்துக்குக் கொண்டுவரும். அவளும் 300 ரூபாயை எண்ணி எண்ணிச் செலவு செய்பவளாக இருப்பாள்.